சிவப்பு அட்டை எனக்கு மட்டும்

“கடைசிப் பேச்சாளர் அவசர அவசரமாக முடித்தார். நேரத்தைத் திட்டமிடக் கற்றுக்கொள்ள வேண்டும்.”

இளமைப் பருவம் பற்றிய கருத்தரங்கு முடிந்து நான்கு நாள் கழித்துப் பின்னூட்டப் படிவங்களைத் தொகுக்க உட்கார்ந்தால், முதல் படிவத்தில் இது. அந்தக் கடைசிப் பேச்சாளர் நான்தான். அட்டவணை போட்டவனும் நான்தான். இந்தப் படிவத்தை அச்சடித்து நாற்காலி நாற்காலியாக வைத்த புண்ணியவானும் நானேதான்.

நேரத்தைத் திட்டமிட வேண்டுமாம்!

கணக்கைக் கேளுங்கள். 90 நிமிட அமர்வு, நான்கு பேர். ஆளுக்கு 15 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேள்வி. ஆக 80. மீதி 10 நிமிடம் மைக் கைமாற, பென் டிரைவ் தேட, ஃபான்ட் மாறிக் கட்டம் கட்டமாகத் தெரியும் ஸ்லைடைப் பார்த்து எல்லோரும் ‘அடடா’ சொல்ல. இதைக்கூட விடாமல் ஒதுக்கியிருந்தேன். 250 சொல்லில் ஆய்வுச் சுருக்கம் கேட்டால் நான்கு பக்கம் அனுப்புகிறவர்களோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியவனுக்கு இது தெரியாதா?

மையவுரை 20 நிமிடம் நீண்டது. உளவியலாளர் எரிக் எரிக்சன் சொன்ன ‘மொரட்டோரியம்’ பற்றிய உரை. அதாவது, பெரியவர்களின் பொறுப்புகளைத் தலையில் ஏற்றுமுன் இளையவர்களுக்குச் சமூகம் தரும் அவகாசம். நல்ல உரைதான், இல்லை என்று சொல்லவில்லை. அவகாசம் எங்கள் அமர்விலிருந்து போனது, அவ்வளவுதான். மிச்சம் 70.

அப்புறம் வந்தார் நம் முதல் பேச்சாளர். மொத்தம் 63 ஸ்லைடு. 15 நிமிடத்துக்கு 63. அமர்வுத் தலைவர் அவரை அறிமுகப்படுத்தவே 3 நிமிடம் ஆனது. அது போதாதென்று அவர் தன்னைத் தானே இன்னொரு முறை அறிமுகப்படுத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும், ஒரு எழுத்து விடாமல், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வாசித்தார். 18 முதல் 25 வயது வரையான பருவத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000இல் ‘எமர்ஜிங் அடல்ட்ஹுட்’ (பெரியவராகிக்கொண்டிருக்கும் பருவம்) என்று பெயர் வைத்தார் என்பதை, அதையே தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த அரங்கில், செய்தி போலச் சொன்னார். அதன் ஐந்து இயல்புகளுக்கு ஐந்து ஸ்லைடு: அடையாளத் தேடல், நிலையின்மை, தன்மேல் கவனம், இரண்டுங்கெட்டான் உணர்வு, எதுவும் சாத்தியம் என்ற நம்பிக்கை. ஒவ்வொன்றிலும் லேப்டாப்பைப் பார்த்துக் காரணமே இல்லாமல் சிரிக்கும் அதே பெண்.

15ஆவது நிமிடம் தாண்டியது. 20 தாண்டியது. “இதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்” என்றார். அந்த ஸ்லைடில் மட்டும் 4 நிமிடம் நின்றார்.

மீதி நேரம் காட்டும் அட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பச்சையில் 5 நிமிடம், மஞ்சளில் 2, சிவப்பில் ‘முடிக்கவும்’. முந்தின நாள் இரவு பதினோரு மணிக்கு, சார்ட் வாங்கி நானே வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதியவை. தலைவர் கையில் கொடுத்து, “சார், தயவுசெய்து காட்டிவிடுங்கள்” என்று கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தேன். மூன்றும் அவருடைய தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் கிடந்தன. நான் கடைசி வரிசையிலிருந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் புன்னகைத்துப் பதிலுக்குக் கையசைத்தார்.

31 நிமிடம். கடைசி ஸ்லைடு: “இன்றைய இளைஞர்களுக்குப் பொறுமை இல்லை.”

இரண்டாவது பேசிய ஆய்வு மாணவி சத்தமில்லாமல் 14 நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். அரங்கில் இருந்த ஒரே வளர்ந்த மனிதர் அவர்தான். மூன்றாமவர் இணையவழி. “கேட்கிறதா? இப்போது கேட்கிறதா?” உட்பட 18 நிமிடம். கூட்டிப் பாருங்கள். எனக்கு 4.

என் கட்டுரை அந்த ஐந்து இயல்புகள் எல்லோருக்கும் பொருந்துமா என்பது பற்றியது. கல்லூரிப் பக்கமே போக முடியாமல் 18 வயதில் குடும்பத்தைத் தூக்கிச் சுமப்பவரிடம் போய் ‘இது உங்கள் தேடல் பருவம்’ என்று சொல்வது என்ன நியாயம்? வேலை நிலைக்காமல் அலைவது எப்போது தேடல், எப்போது கதியின்மை? இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜான் பின்னர் (Bynner). ஆர்னெட் படம்பிடித்தது வசதி உள்ளவர்களின் இளமையை, வர்க்கத்தையும் வேலைச் சந்தையையும் விட்டுவிட்டு இதைப் பேச முடியாது என்பது அவர் தரப்பு. நான் “பின்னர்...” என்று ஆரம்பித்தேன். தலைவர் பாட்டிலைத் தூக்கினார்.

அந்தச் சிவப்பு அட்டை மேலே எழுந்தது. நடுவில் பாட்டில் பதிந்த ஈர வட்டம், மை கரைந்து ‘முடிக்கவும்’ என்பதில் ‘மு’ போய் வெறும் ‘டிக்கவும்’. நாள் முழுக்க அந்த அட்டையைப் பார்த்த ஒரே ஆள் நான். என் கையெழுத்து எனக்கே காட்டப்பட்டது.

சரி, போகட்டும் என்று உட்காரப் போனேன். “ஒரே ஒரு கேள்விக்கு நேரம் இருக்கிறது” என்றார் தலைவர். எங்கிருந்து வந்தது அந்த நேரம்? எழுந்தவர் மைக்கை இரண்டு முறை தட்டிவிட்டு, “இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து” என்றார். ஏழு நிமிடம்! என் உரையைவிட மூன்று நிமிடம் அதிகம். அவர் 21 வயதில் எப்படி இருந்தார், அவர் மகன் 24 வயதில் எப்படி இருக்கிறான், மூளையே 25 வயதில்தான் முழுமை அடைகிறது என்று அறிவியல் சொல்லிவிட்டது, ஆகவே 25 வரை யாரையும் நம்பக் கூடாது. ஐயா, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி இருபதுகளிலும் மாறிக்கொண்டிருக்கும் என்பது உண்மை. 25ஆவது பிறந்தநாளன்று சுவிட்ச் போட்டதுபோல் எதுவும் முடிவதில்லை. ஆளுக்கு ஆள் மாறும். என் எட்டாவது ஸ்லைடே அதுதான்! நான் மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

“என்ன சொல்கிறீர்கள்?” என்று அவர் முடிக்க, நான் வாயைத் திறக்க, “நேரமாகிவிட்டது, இருவரும் வெளியே பேசிக்கொள்ளுங்கள்” என்றார் தலைவர்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு மெயில். நம் 63 ஸ்லைடுக்காரர். சான்றிதழில் ‘கட்டுரை வாசித்தார்’ என்று இருக்கிறதாம், ‘உரையாற்றினார்’ என்று திருத்தி உடனே அனுப்ப வேண்டுமாம். மூன்று மாதத்தில் நான் பிழையில்லாமல் செய்த ஒரே காரியம் அந்தச் சொல்தான். சிரித்த சிரிப்பில் கோபம் பாதி இறங்கிவிட்டது. சரி, திருத்திக் கொடுத்துத் தொலைவோம் என்று பிரிண்டரைப் போட்டால், மஞ்சள் மை தீர்ந்துவிட்டதாம், அச்சடிக்க முடியாதாம். ஏனய்யா, கறுப்பு எழுத்து அடிக்க மஞ்சள் மை எதற்கு?