சும்மா சின்னதா ஒண்ணுதானாம்!

வரம்புன்னா என்னங்க? "இதுக்கு மேல போகக் கூடாது"ங்கிறதுதானே? சொந்தக்காரங்க காதுல மட்டும் அது எப்படி "இங்கேருந்து ஆரம்பிக்கலாம்"னு விழுது?

நவம்பர்லயே பேசி முடிச்ச விஷயம் இது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆளாளுக்கு வாங்கிக் குவிக்க வேணாம். சீட்டுக் குலுக்கிப் போடுவோம். யார் பேரு வருதோ அவங்களுக்கு மட்டும் ஒரே ஒரு பொருள், அதுக்கும் ஒரு தொகைதான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியாச்சு. யோசனையைச் சொன்னதே எங்க அண்ணிதான். "போன வருஷ கார்டு பில்லை இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம்மா, இந்தத் தடவை சிம்பிளா வச்சுக்குவோம்"னு அழுற எமோஜி வேற வரிசையா போட்டாங்க.

கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கதவைத் திறக்கிறேன், அண்ணியைக் காணோம். ஒரு பை நிக்குது. அதுக்குப் பின்னாடி இன்னொரு பை. அதுக்கும் பின்னாடி ஒரு பெரிய பெட்டி, அடியில அண்ணனோட ரெண்டு கால் மட்டும். பைகளுக்கு நடுவுலேருந்து ஒரு குரல்: "சும்மாம்மா, சின்னதா ஒண்ணு. வெறுங்கையோட எப்படி வர்றது?"

வெறுங்கையோட வர்றதுதானே அண்ணி ஒப்பந்தமே!

சரி, உள்ளே வந்தாங்க. உக்காரக்கூட இல்லை, விநியோகம் ஆரம்பிச்சாச்சு. எனக்கு ஒண்ணு. என் வீட்டுக்காரருக்கு ஒண்ணு. பிள்ளைங்களுக்குத் தனித்தனியா. அப்புறம் பிள்ளைங்களுக்குச் சேர்த்து ஒண்ணு, ஏன்னா தனித்தனியா கொடுத்தது பத்தாதாம். அத்தைக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு. எங்க வீட்டு நாய்க்கு ஒரு ஸ்வெட்டர். நாய் பேரை நாங்க சீட்டுல எழுதவே இல்லைங்க! ஒவ்வொண்ணும் பளபளன்னு பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி, பேரு எழுதின அட்டையோட. ஒவ்வொரு தடவை பைக்குள்ள கை போகும்போதும் "இதோ முடிஞ்சுது, கடைசி"ன்னு சொல்றாங்க. அந்தக் கடைசி முடியவே இல்லை.

நான் வாங்கி வச்சிருந்தது ஒண்ணே ஒண்ணு. சீட்டுல அத்தை பேரு வந்துச்சு, வரம்புக்குள்ள அவங்களுக்குப் பிடிச்ச மாதிரி அலைஞ்சு தேடி எடுத்தேன். முந்தின நாள் ராத்திரி வரைக்கும் அது நல்ல பரிசாத்தான் இருந்துச்சு. அந்த மலைக்குப் பக்கத்துல வச்சதும் பொருளோட இலவசமா வர்ற கீசெயின் மாதிரி ஆயிடுச்சு. அத்தை பிரிச்சுப் பார்த்துட்டு, "பரவாயில்லைம்மா, நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. அந்தப் பரவாயில்லையை யார் கேட்டா?

அப்புறம் அந்தச் சடங்கு. "ஐயோ, உங்களுக்கு நாங்க ஒண்ணும் வாங்கலையே!" "அட, நாங்க எதிர்பார்த்தா கொடுத்தோம்?" "இருந்தாலும்..." "சும்மா இரும்மா." "இல்ல அண்ணி..." இப்படியே காபி ஆறுற வரைக்கும். நடுவுல என் வீட்டுக்காரர் காதுகிட்ட வந்து, "அலமாரியில ஒரு மெழுகுவர்த்தி செட்டு பிரிக்காம இருக்கே"ங்கிறார். இருக்கு. போன வருஷம் அண்ணி கொடுத்தது.

பைபிள்ல, இயேசு பிறந்தப்போ பார்க்க வந்த அந்த சாஸ்திரிகளைப் பாருங்க. கிழக்கேயிருந்து அவ்வளவு தூரம் வந்தாங்க. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம், அதோட முடிச்சுக்கிட்டாங்க. எத்தனை பேர் வந்தாங்கன்னுகூட சுவிசேஷத்துல மத்தேயு எழுதலை, பரிசை மட்டும்தான் எழுதியிருக்காரு. எல்லாம் ஒரே ஒரு பிள்ளைக்கு. யோசேப்புக்குத் தனியா ஒண்ணு, கழுதைக்கு ஒரு ஸ்வெட்டர்னு இழுத்துக்கிட்டு வரலை. மரியாளும் "ஐயோ, உங்களுக்கு நாங்க ஒண்ணும் வாங்கலையே"ன்னு பதறினதா எந்த அதிகாரத்துலயும் இல்லை.

தாராள மனசுன்னு சொல்லிடாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். வரம்பை மீறிக் கொடுக்கிறவங்க பரிசா கொடுக்கிறாங்க? பில்லைக் கொடுக்கிறாங்க. பேப்பர் சுத்தின பில்லு. புது வருஷத்துக்குள்ள நாம அதே அளவுக்குத் திருப்பிச் செய்யணும். இல்லேன்னா "அவங்களுக்கு எவ்வளவு செஞ்சோம், அவங்க என்ன செஞ்சாங்க"ன்னு அடுத்த கல்யாண வீட்டுல பேச்சு ஓடும். அதுக்குப் பயந்து நாம கார்டைத் தேய்ப்போம். ஜனவரியில பில்லு வரும். அதுல கொட்டை எழுத்துல ஒரு மொத்தத் தொகை, பக்கத்துலயே பாவம் பார்த்து மினிமம் டியூன்னு குட்டியா ஒண்ணு. அந்தக் குட்டியை மட்டும் கட்டினா போதும்னு மனசு சொல்லும். கட்டுவோம். மிச்சத்துக்கு வட்டி ஓட ஆரம்பிக்கும். அது மட்டுமா, அடுத்த மாசம் பல் தேய்க்கிற பேஸ்ட் வாங்கினாக்கூட, வட்டியில்லாம கட்டக் கிடைக்கிற அந்த அவகாசம் பெரும்பாலான கார்டுல போயிடும். நாய் ஸ்வெட்டருக்குப் பதில் மரியாதை செஞ்ச பாவத்துக்குப் பேஸ்ட்டுக்கு வட்டி!

இதெல்லாம் இப்ப வந்த வியாதியும் இல்லை. 1912-ல நியூயார்க்ல, உபயோகமில்லாத பரிசு கொடுக்கிறதைத் தடுக்கிறதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. கடைகள்ல வேலை பார்த்த பொண்ணுங்க, மேலதிகாரிக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கக் கட்டாயமா காசு போட வேண்டியிருந்துச்சு, அந்த எரிச்சல்ல பிறந்த சங்கம். அமெரிக்க ஜனாதிபதியா இருந்து இறங்கின தியடோர் ரூஸ்வெல்ட்டே அதுல சேர்ந்தாரு. எவ்வளவு பெரிய மனுஷன், அவருக்கும் ஒரு அண்ணி இருந்திருப்பாங்க போல. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, சங்கம் போயிடுச்சு, வசூல் போகலை. ஆபீஸ்ல சீக்ரெட் சான்டான்னு உண்டியலை நீட்டிக்கிட்டு வர்றாங்களே, அது வேற என்ன?

1993-ல ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாரு. உனக்கு வந்த பரிசுக்குக் கொடுத்தவங்க எவ்வளவு செலவு பண்ணியிருப்பாங்க? பாசத்தை விட்டுட்டு, பொருளை மட்டும் பார்த்தா உனக்கு அது எவ்வளவு பெறும்? விலையில பத்துல ஒரு பங்குலேருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் காத்துல போகுதுன்னு கணக்கு வந்துச்சு. நண்பர்கள் கொடுத்ததுல நஷ்டம் கம்மி. சித்தி, மாமா, தாத்தா வகையறா கொடுத்ததுல ஜாஸ்தி. இதுக்கு ஒரு ஆராய்ச்சி வேணுமா? எங்க அலமாரியைத் திறந்து காட்டியிருப்பேனே.

இனிமே நம்ம வீட்டுச் சட்டம் சொல்றேன், யாருக்குப் பிடிச்சாலும் பிடிக்கலேன்னாலும். சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் பரிசு. பெரியவங்க எல்லாரும் கையும் காலும் நல்லாத்தான் இருக்கோம், வேணுங்கிறதை நாமளே வாங்கிக்குவோம். எவ்வளவுன்னு ஒரு தொகையை முதல்ல தனியா எடுத்து வச்சுட்டுத்தான் கடைப்பக்கம் போறது. அந்தப் பணம் தீர்ந்தா பட்டியலும் தீர்ந்துச்சு. கார்டு வீட்டுலயே இருக்கும். வரம்பை மீறி யாராவது பையோட வந்தா வாசல்லயே எடை போட்டு, மிச்சத்தைத் திருப்பி ஏத்தி அனுப்புவேன். முகத்துக்கு நேரா சொல்லுவேனான்னு கேக்குறீங்களா? குரூப்ல சொல்லுவேன். பேரு போடாம, பொதுவா.

இதை நேத்தே எழுதியிருக்கணும், முடியலை. ஏன்னா பிள்ளைங்களுக்குச் சேர்த்துக் கொடுத்தாங்களே ஒண்ணு, அது பாடுற பொம்மை. பெட்டியில பேட்டரி கிடையாது, நாமதான் வாங்கணுமாம். வாங்கினா, பேட்டரி போடுற மூடியை ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்கி வச்சிருக்கான். குழந்தை எடுத்து முழுங்கிடக் கூடாதுங்கிறதுக்கு, சரி, நல்ல காரணம், ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஸ்க்ரூவுக்கு ஏத்த திருப்புளி உலகத்துல எந்த வீட்டுலயாவது இருக்கா? கத்தி முனை, நகவெட்டி, ஹேர்பின் எல்லாம் போட்டுப் பார்த்து, ஒருவழியா திறந்து பேட்டரியை வச்சா, பாடுது. நிறுத்துற பட்டனே இல்லைங்க. சத்தத்தைக் குறைக்கவும் ஒண்ணும் இல்லை. தட்டினா பாடுது, தூக்கினா பாடுது, பக்கத்துல நடந்தாலும் பாடுது. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன், இருட்டுல ஒரு முழுப் பாட்டு. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நாய் கூடவே ஊளையிடுது.