‘பால் போதவில்லையா?’ என்று கேட்காதீர்கள்

குழந்தை பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதன் எடையைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர், “என்னம்மா, நோஞ்சானாக இருக்கிறானே, பால் போதவில்லையா?” என்றே கேட்டார்கள். ஒவ்வொருவர் போன பிறகும் அவள் அழுதாள்.

பிறந்த குழந்தைக்கு முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்கு வரைகூடக் குறையலாம். பெரும்பாலும் இரண்டு வாரங்களில் பழைய எடை திரும்பிவிடும். இது தெரியாமல் பேசும் பேச்சில் பயந்துபோய்த் தாய் பால்பவுடர் டப்பாவை வாங்குகிறாள். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் சப்புவது குறைகிறது. சப்புவது குறையக் குறையச் சுரப்பும் குறைகிறது. பிறகு, “நான் அப்போதே சொன்னேன், அவளுக்குப் பால் இல்லை” என்று அதே ஆட்கள் சொல்கிறார்கள். பால்பவுடர் விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. உறவுக்காரர்களின் வாயை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பாட்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். வயிற்றுப்போக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. கொழுகொழுவென்று இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் பட்டறிந்த பயம். ஆனால் காலம் மாறியிருக்கிறது. இதே வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இளம் வயதிலேயே சர்க்கரை கூடியவர்களுக்கு, வளரும் பருவத்தில் உயரத்தை மிஞ்சி எடை வேகமாக ஏறியிருந்தது. போதும் என்று தலையைத் திருப்பும் பிள்ளையின் வாயில் திணிப்பது அன்பாகாது.

இன்னொன்றுதான் எனக்கு ஆறவே இல்லை. சின்ன வயதில் ஊட்டி ஊட்டி மகிழ்ந்தவர்களே, பெண் ஏழாம் வகுப்புக்குப் போனதும் “சோற்றைக் குறை, நாளைக்கு யார் கட்டிக்கொள்வான்?” என்கிறார்கள். காட்பாடியில் இருக்கும் என் அக்கா மகள் கல்யாணங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பந்தியில் அவள் இலையில் இரண்டாவது முறை இனிப்பு விழுந்தால் எதிர் வரிசையில் யாராவது ஏதாவது சொல்வார்கள். நன்றாகப் படிக்கிற, வாய் நிறையச் சிரிக்கிற பெண் அவள். அதை யாரும் பேசுவதில்லை.

எடையைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள். அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் கோடாகக் குறிக்கிறார்கள். கோடு மாதாமாதம் ஏறுகிறதா என்பதே முக்கியம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எடை அல்ல. கோடு சரிந்தால் செவிலியரோ மருத்துவரோ சொல்லட்டும். நீங்கள் போகும்போது பூண்டுக் குழம்பு வைத்து எடுத்துப் போங்கள். ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள்.