எட்டு மாசக் குழந்தை தங்காதா?

போன வாரம் துக்கம் கேட்கப் போயிருந்தேன். எட்டாம் மாதத்தில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்ட பிள்ளை. உள்ளே தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். திண்ணையில் ஒரு பெரியவர், "ஏழு மாசம்னா பொழச்சிருக்கும், எட்டு மாசம் தங்காதுப்பா" என்கிறார். "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தாளாமே" என்று இன்னொரு குரல். அத்தனையும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பதினாறு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலம்தான். ஏழு மாதத்தைவிட எட்டு மாதக் குழந்தைக்கே பிழைக்க வாய்ப்பு அதிகம்.

2022-ல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 23 லட்சம் குழந்தைகள் பிறந்த 28 நாளுக்குள் இறந்திருக்கின்றன. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு. பெரும்பாலான சாவுக்குக் காரணம் இவைதான். கிரகணம் எந்தக் கணக்கிலும் இல்லை.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பூச்சு போதுமான அளவு ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது போராட வேண்டும். அந்த நுரையீரல் சீக்கிரம் முதிர, பிரசவத்துக்கு முன்பே தாய்க்குப் போட ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் 1972-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள். விலையும் குறைவு. ஆனால் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டுமே! "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி" என்று ராத்திரி முழுக்க வீட்டிலேயே வைத்திருந்து, விடியற்காலையில் தலை தெரியும்போது கொண்டுவந்தால் ஊசிக்கு ஏது நேரம்? மாதம் நிறையாமல் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே கிளம்புங்கள். பொய்வலி என்று திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது குளிர். எடை குறைந்த பிள்ளையைப் பிறந்ததும் குளிப்பாட்டாதீர்கள். அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டிவைப்பதைக் கங்காரு பராமரிப்பு என்போம். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில், இன்குபேட்டர் பற்றாமல் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்கும் குறைவான குழந்தைகளை இப்படிப் பிறந்தவுடனே அணைக்கத் தொடங்கியபோது சாவு கால்வாசி குறைந்தது. தீட்டு என்று அப்பாவைத் தள்ளிவைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு அப்பாவும் அணைக்கலாம்.

எல்லாக் குழந்தையையும் காப்பாற்றிவிட முடியாது. என் கையிலேயே போன பிள்ளைகள் உண்டு. ஆனால் அதைத் தாயின் ராசி, தாயின் நடை என்று பேசுகிற வாயை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அன்று கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பால் கட்டிக்கிட்டு வலிக்குது, யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல." அதுவரை அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஈரத்துணி ஒத்தடம் போட்டு, வலி தணியும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டேன். அடுத்த முறை முதல் பரிசோதனையிலேயே இந்தக் குறைப்பிரசவத்தைச் சொல்லிவிடு என்றேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.