மேடிசன் நீதிமன்றத்தை மீண்டும் கட்டியது சரியே

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் அமைந்துள்ள மேடிசன், ஜெஃபர்சன் கவுண்டி என்ற மாவட்டத்தின் தலைமையிடம். இங்கு 133 தெருப்பகுதிகளை உள்ளடக்கிய பழைய நகர் முழுவதையும் அந்நாட்டு அரசு 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் ரயில் பாதை 1847இல் இந்த ஊரையும் மாநிலத் தலைநகர் இண்டியானாபொலிஸையும் இணைத்தபோது வணிகம் கொழித்தது. பிற நகரங்களுக்கும் பாதைகள் போடப்பட்டதும் சரக்கு வேறு வழியாகப் போகத் தொடங்க, மேடிசனின் வளர்ச்சி நின்றது. பழைய கட்டடங்களை இடித்துப் புதியவை எழுப்புவதற்கான தேவையும் பணமும் இல்லாமல் போனதால் ஊர் அப்படியே நிலைத்தது.

வருபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது, வங்கியாளர் ஜேம்ஸ் லேனியருக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் காஸ்டிகன் 1844இல் கட்டி முடித்த மாளிகையைத்தான். ஆற்றை நோக்கி நிற்கும் அதன் உயர்ந்த தூண்களும், நடுவில் தாங்குதூண் ஏதுமின்றிச் சுழன்றேறும் படிக்கட்டும் அழகின் உச்சம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் மேடிசனின் உயிர் அதன் முதன்மைத் தெருவில், சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் கடைவரிசையில், வார்ப்பிரும்பு முகப்புகளில் இருக்கிறது என்பதே என் உறுதியான கருத்து. மாளிகையை அரசு அருங்காட்சியகமாக்கிக் காக்க முடியும். கடையை வியாபாரம்தான் காக்க வேண்டும். இதை உணர்ந்து தொடங்கப்பட்ட, சிற்றூர்க் கடைத்தெருக்களை மீட்கும் சோதனைத் திட்டத்திற்கு 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று ஊர்களில் மேடிசனும் ஒன்றாக இருந்தது.

மேடிசனில் 1850களில் கட்டப்பட்ட நீதிமன்றம், 2009 மே மாதம், புதுப்பிப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதே தீப்பற்றியது. கூரையும் கோபுரமும் அழிந்தன. செங்கல் சுவர்கள் நின்றன. அந்தச் சுவர்களின் மேல் பழைய வடிவிலேயே கோபுரத்தை எழுப்பியதைப் போலி என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. எரிந்தது பார்வைப் பொருளன்று. வழக்குகள் நடந்த இடம். அதே சுவர்களுக்குள் நீதிமன்றம் திரும்பி வந்தது என்பதால்தான் அந்தக் கோபுரத்தை நான் உண்மையானது என்கிறேன். என் வருத்தமெல்லாம், தீ மூண்டது உலோகப் பற்றவைப்பு வேலையின்போது என்பதுதான். நூற்றாண்டு கண்ட மரக்கூரையின் அருகே தீச்சுடர் கொண்டு வேலை செய்யக் கூடாது என்பதைப் புதுப்பிப்பு ஒப்பந்தங்களிலேயே கட்டாய விதியாக எழுதி வைக்க வேண்டும்.