அந்தக் குடத்தை எங்கே விட்டீர்கள் ஃபாதர்?

இந்த வருடம் தவக்காலம் மூன்றாம் ஞாயிறு மார்ச் 8 அன்று வந்தது. மகளிர் தினம். எங்கள் பங்கில் பூசை முடிந்ததும் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அன்றைய நற்செய்தி யோவான் 4ஆம் அதிகாரம், கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்டுப் பேசிய சமாரியப் பெண்ணின் கதை. எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்று காலையில் ஆசையாகப் போனவள், திரும்பி வரும்போது கையில் பூவும் வயிற்றில் எரிச்சலுமாக வந்தேன். ஃபாதர் வாசித்தது குறுகிய வாசகம்.

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்களிலேயே பலருக்கு இது தெரியாது. நீளமான நற்செய்திப் பகுதி என்றால் வாசக நூலில் "அல்லது குறுகிய வாசகம்" என்று இன்னொன்றும் இருக்கும், எதை எடுப்பது என்பது குருவின் விருப்பம். வயதானவர்கள் நிற்கவேண்டும், மார்ச் மாத வெயில், அடுத்த பூசைக்கு ஆட்கள் வந்து வாசலில் காத்திருக்கிறார்கள். காரணங்களை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சுருக்கத்தில் எது போகிறது என்பதுதான் என் கேள்வி.

யோவான் 4இல் முதலில் போவது ஐந்து கணவர் விஷயம், அவளுக்கு ஐந்து கணவர்கள் இருந்தார்கள் என்று இயேசு தாமாகவே அவளிடம் சொல்கிற இடம். பிள்ளைகள் இருக்கிற பூசை, சரி, விட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. ஆனால் அதை எடுத்துவிட்டால், தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று "நீர் இறைவாக்கினர்" என்று ஏன் சொல்கிறாள் என்பதே விளங்காது. அடுத்து, சீடர்கள் திரும்பி வந்து இவர் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருக்கிறாரே என்று திகைக்கிற இடம் போகிறது. அவள் குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் போய் எல்லோரையும் வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிற இடமும் போகிறது. நண்பகல் வெயிலில் தண்ணீருக்கு வந்தவள் குடத்தை விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் அது என்ன மாதிரி அவசரம் என்று குழாயடியில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அதற்கப்புறம்தான் எனக்குத் தாங்கவே முடியாத வெட்டு. 39ஆம் வசனத்தில் சமாரியர் பலர் இயேசுவை நம்பினார்கள் என்ற பாதி இருக்கிறது, அந்தப் பெண்ணின் வார்த்தையைக் கேட்டு நம்பினார்கள் என்ற மீதிப் பாதி இல்லை. ஆனால் 42ஆம் வசனம் முழுசாக இருக்கிறது. அதில் ஊர்க்காரர்கள் அவளிடம், இப்போது நாங்கள் நம்புவது உன் பேச்சைக் கேட்டு அல்ல என்கிறார்கள். அவள் ஊருக்குள் போய்ப் பேசியதையே நமக்கு வாசிக்கவில்லை, அவள் பேச்சு இனி வேண்டாம் என்பதை மட்டும் வாசித்தாகிவிட்டது!

இத்தனைக்கும் இந்த வாசக ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963இல் விவிலியக் கருவூலத்தை மக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. அதன்படி 1969இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில், ஞாயிறு வாசகங்களுக்கு ஒரு வருடம் மத்தேயு, அடுத்த வருடம் மாற்கு, அதற்கடுத்து லூக்கா என்ற மூன்றாண்டுச் சுழற்சி வந்தது. அதற்கு முன் இந்தச் சமாரியப் பெண் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லத்தீனில் வந்துபோவாள். அவளை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுவந்ததே இந்தச் சீர்திருத்தம்தான். கொண்டுவந்த கையோடு பாதியை விட்டுவிடவும் வழி வைத்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து மற்ற குறுகிய வாசகங்களையும் எடுத்துப் பார்த்தேன், மதியச் சமையலே தாமதமாகிவிட்டது. தவக்காலம் ஐந்தாம் ஞாயிறு, இறந்த லாசரை இயேசு உயிர்ப்பிக்கும் கதை, லாசரின் சகோதரிகள் மார்த்தாவும் மரியாவும். மார்த்தா தப்பித்துவிட்டார், "நீரே மெசியா" என்ற அறிக்கை அப்படியே இருக்கிறது. தங்கை மரியா காலில் விழுந்து அழுவது இல்லை. அவர் அழுவதைக் கண்டுதான் இயேசு உள்ளம் குமுறினார் என்று எழுதியிருக்கிறது, குறுகிய வாசகத்தில் காரணமில்லாமல் குமுறுகிறார். பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழா: குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் பாட்டோடு நின்றுவிடும், குழந்தையைப் பற்றி எல்லோரிடமும் பேசிய அன்னா பாட்டி வரவே மாட்டார். லூக்கா ஆண்டு 11ஆம் ஞாயிறு: இயேசுவோடு ஊர் ஊராகப் போய்த் தங்கள் உடைமையால் பணிவிடை செய்த மகதலா மரியா, யோவன்னா, சூசன்னா மூவரும் சுருக்கத்தில் இல்லை. அந்த ஞாயிறே 2019, 2022, 2025 மூன்று முறையும் மூவொரு கடவுள் விழாவுக்கு இடம் விட்டுப் போய்விட்டது என்பது வேறு கதை.

பெத்தானியாவில் நறுமணத் தைலம் ஊற்றிய பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. நற்செய்தி எங்கெல்லாம் அறிவிக்கப்படுமோ அங்கெல்லாம் இவள் செய்ததும் சொல்லப்படும் என்று இயேசுவே வாக்குக் கொடுத்தார். மத்தேயுவில் அது 26:13. குருத்து ஞாயிறன்று நாம் வாசிக்கும் மத்தேயுவின் பாடுகள், அதாவது இயேசு துன்பப்பட்டு இறந்த வரலாறு, 26:14இல், காட்டிக்கொடுத்த யூதாசிலிருந்து ஆரம்பிக்கின்றன. ஒரே ஒரு வசனம்!

யாரோ உட்கார்ந்து சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. கதையின் நடு எது, ஓரம் எது என்று பிரிக்கும்போது கை தானாக அப்படிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கோபமே அதிகமாகிறது. நேரமில்லை என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். முழு வாசகத்தையும் கைப்பேசியில் நேரம் வைத்து நிதானமாக வாசித்துப் பார்த்தேன், ஐந்தரை நிமிடம். அன்று பூசை முடிவில் அறிவிப்புகள் மட்டும் கால் மணி நேரம் ஓடின. திருவிழா நன்கொடையாளர் பட்டியலில் ஒரு பெயர் விடவில்லை, கல்யாண ஓலையில் தாத்தா பெயர்வரை வந்தது.

அந்த வாரம் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் யோவான் 4ஐ முழுசாக வாசிக்கலாம் என்று கேட்டேன், வாசித்தோம். எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு பெரியம்மா, எழுபது தாண்டியவர், நடுவிலேயே நிறுத்தி, "குடத்தை வச்சிட்டா ஓடினா? எவளாவது எடுத்துட்டுப் போயிருப்பாளே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அவருக்குத்தான் தாகம்னு கேட்டாரு, குடிக்கட்டும்னு வச்சிட்டுப் போயிருப்பா" என்றார். எத்தனையோ தவக்கால மறையுரைகள் கேட்டிருக்கிறேன், இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்தது மாற்கு ஆண்டு. 2027 ஜூன் 27, பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு, இறந்துபோன யாயிரின் மகளை இயேசு எழுப்பும் கதை. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கோடு அலைந்து, கூட்டத்துக்குள் கைநீட்டி அவர் ஆடையைத் தொட்ட பெண் அந்தக் கதையின் நடுவில் வருகிறாள், அவளைத்தான் இயேசு "மகளே" என்று கூப்பிடுகிறார். குறுகிய வாசகம் அவளை அப்படியே தாண்டிப் போய்விடும், மூன்றாண்டில் வேறெந்த ஞாயிறும் அவளுக்கு இல்லை. போன வாரம் ஃபாதரைப் பார்த்து இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்குள்ள எனக்கு மாற்றல் வந்துடும்மா" என்றார். வருகிற புது ஃபாதரிடமும் சொல்வேன் என்று சொல்லியிருக்கிறேன்.