வால்நட்டும் அப்பளமும்

அம்மாவுக்கு 71 வயது. குடும்ப வாட்ஸப் குழுவில் "மறதி நோயைத் தடுக்கும் உணவுகள்" என்று ஒரு ஃபார்வர்ட் வந்த நாளிலிருந்து காலையில் நாலு வால்நட், ஒரு வல்லாரை மாத்திரை. மதியம் வழக்கம்போல ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு. பிரஷர் மாத்திரை மட்டும் "தலைதான் சுத்தலையே" என்று ஒருநாள் விட்டு ஒருநாள்.

வால்நட் மேல் எனக்குப் பகை இல்லை. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மார்த்தா கிளேர் மாரிஸ் குழுவினர் மூளை நலத்துக்காக வகுத்த 'மைண்ட்' உணவுமுறையில் கீரை, பெர்ரி, மீன், ஆலிவ் எண்ணெயோடு அதற்கும் இடமுண்டு. 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை வருடம் கவனித்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த உணவுமுறையை நன்றாகக் கடைப்பிடித்தவர்களிடம், குறைவாகக் கடைப்பிடித்தவர்களைவிட அல்சைமர் என்ற மறதி நோய் 53 சதவீதம் குறைவாக இருந்தது. ஃபார்வர்டுகள் இதோடு நின்றுவிடும். 2023இல் வந்த அடுத்த ஆய்வை யாரும் அனுப்புவதில்லை. 604 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து மூன்று வருடம் பார்த்ததில், மைண்ட் உணவு சாப்பிட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நினைவாற்றலில் சொல்லும்படியான வித்தியாசமில்லை. இரண்டு குழுவுமே கலோரியைக் குறைத்து எடை இறங்கியவர்கள், காலமும் குறைவு, அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருக்கலாம். ஆனால் தினமும் கீரை தின்பவர் நடைப்பயிற்சியும் போவார், சிகரெட்டும் தொடமாட்டார். முதல் ஆய்வில் தெரிந்த பலன் முழுக்கக் கீரைக்கே சேருமா என்ன?

நான் நம்புவது வேறு கணக்கை. 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் 'உணவு' என்று தனி வரியே கிடையாது. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன் இருக்கின்றன. நாலும் அடுப்படி வழியாக வருபவை. மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பல வருடமாக அரிப்பவை. அதுவும் 40, 50 வயதிலேயே தொடங்கிவிடும், அதாவது அம்மாவுக்கு அல்ல, எனக்கு.

ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் மதியத்துக்குள் அது தாண்டிவிடும்.

இன்னொன்று, சுத்த சைவக்காரர்களுக்கும் பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைவால் வரும் மறதியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலேயே சரிசெய்ய வாய்ப்புண்டு. வல்லாரை வாங்குமுன் பி12 ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை இனி தினமும், அப்பளம் ஞாயிறு மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஊறுகாய் விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.