கிறுக்கல்தானே என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

காலையில் கண் விழித்ததும் காதில் விழுந்த குரல் பதிவு இது. "அக்கா, நீங்கதான் எந்நேரமும் எதையாவது கிறுக்கிக்கிட்டே இருக்கீங்களே, அப்படியே எனக்கும் ஒண்ணு கிறுக்கிக் குடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. அதுக்குப் போய் காசெல்லாம் கேக்க மாட்டீங்கன்னு தெரியும்."

பேசியவர் புதிதாகக் கடை திறக்கிறார். பெயர்ப்பலகை செய்பவருக்குக் காசு கொடுக்கிறார். அதைத் தூக்கி மாட்டுகிறவருக்குக் கொடுக்கிறார். பலகைக்கு விளக்குப் போடுகிறவருக்கும் கொடுக்கிறார். அந்தப் பலகையில் உட்காரப்போகிற படத்துக்கு மட்டும் காசு கிடையாது. ஏன் என்றால், நான் எப்படியும் வரைந்துகொண்டுதான் இருக்கிறேனாம்.

எனக்கு வயிறு எரிகிறது. பத்து வருடங்களுக்கு மேலாகத் தனியாக நின்று படம் வரைந்து பிழைக்கிறேன். இதே வாக்கியத்தை எத்தனை வாயில் கேட்டிருப்பேன்! தெரிந்தவர், தெரியாதவர், படித்தவர், பெரிய பதவியில் இருப்பவர், எல்லோருக்கும் இதே வாக்கியம்தான். இன்று கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

இந்த மாதம் என் மேசையில் என்ன கிடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள். பழைய கடிகாரம் பழுதுபார்க்கும் தாத்தா ஒருவரைப் பற்றிய சிறுவர் படப் புத்தகம், 32 பக்கம். ஒரு பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் வரும், அப்படி இரண்டு தாள், அதனால் 32. அந்தத் தாத்தா முதல் பக்கத்தில் எப்படி இருந்தாரோ, அதே மூக்கோடும் அதே கூனலோடும் கடைசிப் பக்கம் வரை வர வேண்டும். ஏணியில் ஏறினாலும் அவர்தான், குனிந்து திருகாணி தேடினாலும் அவர்தான். இரண்டு பக்கத்துக்குச் சேர்த்து வரைந்தால் நடு மடிப்பில் யார் முகமும் மாட்டிக்கொள்ளக் கூடாது. தாளை வெட்டும்போது விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓட வேண்டும். கணினித் திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சை, அச்சில் நான்கு மைக்குள் அடங்காமல் மங்கிப்போகும். அதையும் முன்கூட்டியே யோசித்துத்தான் வண்ணம் எடுக்க வேண்டும்.

அதோடு ஒரு மருத்துவத் துண்டறிக்கை. ஆஸ்துமா நோயாளிகள் இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது, எப்படி உறிஞ்சுவது என்று ஆறு கட்டத்தில் படம். குலுக்கு, மூச்சை வெளியே விடு, உதட்டை இறுக்கி மூடு, அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளே இழு, 10 நொடி அடக்கு, பிறகு விடு. எழுதினால் ஒரு வரி. மூச்சை அடக்கியிருக்கும் ஒரு மனிதரை, அசையாத ஒரு படத்தில், எழுத்தே படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி எப்படி வரைவீர்கள்? நான்கு நாளாக அந்த ஐந்தாவது கட்டத்தோடு மல்லுக்கட்டுகிறேன். கன்னத்தை உப்பினால் ஊதுகிற மாதிரி இருக்கிறது. வாயை மட்டும் மூடினால் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று நானே மூச்சை அடக்கி அடக்கிப் பார்த்து, தோள் லேசாக மேலே ஏறுவதையும் கழுத்து நரம்பு இறுகுவதையும் கவனித்து வரைந்தேன். உதட்டை நான் சரியாக மூடி வரையவில்லை என்றால், அதைப் பார்த்துப் பழகுகிறவரின் மருந்து நுரையீரலுக்குப் போகாமல் காற்றிலும் நாக்கிலும் வீணாகும். இதுவும் கிறுக்கலா?

இது போக, பத்திரிகைக் கட்டுரை ஒன்றுக்குப் படம். கட்டுரை சாயங்காலம் வந்தது, படம் விடிவதற்குள் வேண்டும். போனில் அனுப்பும் ஸ்டிக்கர் தொகுப்பு ஒன்று. கட்டைவிரல் அகலத்தில் பார்த்தாலும் கோபம் கோபமாகவும் சிரிப்பு சிரிப்பாகவும் தெரிய வேண்டும் என்பதால் அதில் ஒவ்வொரு கோட்டையும் எண்ணித்தான் போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் வேறு கை, வேறு கண். காலையில் குழந்தையாகவும் மதியம் நோயாளியாகவும் இரவில் கட்டுரையாளராகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அந்தக் கிறுக்கலுக்கு வருகிறேன். ஆமாம், நான் தினமும் கிறுக்குகிறேன். கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு, ஒரு கறுப்புப் பேனா. வரிசையில் நிற்கும்போது, போனில் யாராவது நீளமாகப் பேசும்போது, பயணத்தில், தூக்கம் வராதபோது. தூங்கிச் சரிகிற கழுத்துகள், பை தூக்கிச் சாய்ந்த தோள்கள், ஒரு குழந்தை அம்மாவின் விரலை எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பது, இதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. போன வருடம் ஒரு காத்திருப்பு அறையில் பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்து ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் பதினைந்து கோடு போட்டிருப்பேன். அவ்வளவுதான். அந்தப் பாதங்களில் இருந்துதான் இன்று 32 பக்கத் தாத்தா எழுந்து வந்திருக்கிறார். பதிப்பகத்தில் முதல் மாதிரிப் படத்தைப் பார்த்ததும், "இவர் நிஜமா இருக்கிற மாதிரியே இருக்காருங்க" என்றார்கள். நிஜமாகவே இருந்தவர்தான்! நான் அன்று கிறுக்காமல் இருந்திருந்தால் அவர் என்னிடம் வந்திருக்க மாட்டார்.

நீங்கள் ஐந்து நிமிடத்தில் வாங்கிப்போக நினைக்கும் கோடு எங்கே விளைந்தது என்று இப்போது தெரிகிறதா? பாடகர் வீட்டில் சாதகம் செய்வது கேட்கிறது என்பதற்காக, "எப்படியும் பாடிக்கிட்டேதானே இருக்கீங்க, வந்து ஒரு கச்சேரி சும்மா பண்ணுங்க" என்று கூப்பிடுவீர்களா? என்னை மட்டும் ஏன் கூப்பிடுகிறீர்கள்?

இந்த வழக்கு நீதிமன்றத்திலேயே நடந்து முடிந்த ஒன்று. 1877-ல் விஸ்லர் என்ற ஓவியரின் படத்தைப் பார்த்து, மக்கள் முகத்தில் ஒரு வண்ணச் சட்டியை வீசியடித்ததற்கு 200 கினி (அன்றைய இங்கிலாந்துப் பணக்கணக்கு) கேட்கிறார் என்று ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் எழுதினார். விஸ்லர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1878-ல் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி கேட்கிறீர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மடக்கினார். இல்லை, ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். வழக்கில் அவர்தான் ஜெயித்தார். கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அன்றைய நாணயங்களில் அடிமட்டம். வழக்குச் செலவும் சேர்ந்து அழுத்த, அடுத்த வருடமே மனிதர் திவாலாகிப்போனார். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். நியாயம் அவர் பக்கம் என்று சொல்லிவிட்டு, அதன் விலை ஒரு செல்லாக்காசு என்றும் சொல்லி அனுப்பினார்களே!

சரி, கிறுக்கல் என்றால் அவ்வளவு மட்டமா? தாகூர் தன் கவிதைக் கையெழுத்துப்படிகளில் அடித்துவிட்ட வரிகளைச் சும்மா விடவில்லை. அடித்தலை அடித்தலோடு இணைத்துப் பறவையாக, விநோத மிருகமாக வளர்த்தார். 1924-ல் அர்ஜென்டினாவில் அவரை உபசரித்த விக்டோரியா ஒகாம்போ அந்தக் கிறுக்கல்களைப் பார்த்து வியந்தார். 1930-ல் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தது. அடித்தல் திருத்தலில் முளைத்தது அத்தனையும்.

வேலை பேசக் கூட்டம் போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பேசும்போது நான் தாளின் ஓரத்தில் ஏதாவது வரைந்துகொண்டிருந்தால், "மேடம், கொஞ்சம் கவனிக்கிறீங்களா" என்று பள்ளிக்கூடப் பிள்ளையை அதட்டுவதுபோல் அதட்டுகிறீர்கள். கவனிக்கத்தான் வரைகிறேன்! 2009-ல் ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேரை வைத்து இதைச் சோதித்து வெளியிட்டார். சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியை எல்லோரும் கேட்டார்கள். பாதிப் பேர் கேட்டுக்கொண்டே தாளில் இருந்த வடிவங்களுக்குப் பென்சிலால் நிழலடித்தார்கள். பிறகு கேட்டபோது, நிழலடித்தவர்களுக்கு மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது. போன வாரக் கூட்டத்தில் நீங்கள் சொன்ன ஏழு திருத்தங்களையும் வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னது நான்தான், கைகட்டி உட்கார்ந்திருந்த உங்கள் ஆட்கள் இல்லை.

திருத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. "அந்தத் தாத்தாவை அப்படியே இந்தப் பக்கம் லேசாத் திருப்பிடுங்களேன்." லேசாகவாம்! கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைப் புரட்டிப்போட்டால், சட்டைப் பை வலது பக்கம் போகும், வலக்கையில் இருந்த திருப்புளி இடக்கைக்குப் போகும், சுவரில் இருக்கும் பன்னிரண்டு கடிகாரங்களிலும் எண்கள் இடவலம் மாறி ஓடும். கடிகாரத்தைப் பற்றிய புத்தகத்தில்! புரட்டாமல் நிஜமாகவே திருப்ப வேண்டும் என்றால், அவரை முழுதாக மறுபடி வரைய வேண்டும். நான் வரைந்தது ஒரு பொம்மை இல்லை, பிடித்துத் திருப்ப. தாளில் தெரியாத அந்த இன்னொரு கன்னம் இன்னும் யார் கையாலும் வரையப்படவில்லை. இதைச் சொன்னால், "சின்ன மாத்தம்தானே, இதுக்கும் தனியா காசு கேப்பீங்களா" என்று முகம் சுருங்குகிறது. கேட்பேன். இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து கட்டணம் என்று ஆரம்பத்திலேயே எழுதித்தான் கொடுத்திருக்கிறேன். அதை யாராவது படித்தால்தானே.

இப்போது புதிதாக இன்னொரு கூத்து. ஏஐ-யில் போட்டு எடுத்த படத்தை அனுப்பி, "எல்லாம் ரெடி மேடம், அந்தக் கையை மட்டும் சரி பண்ணிடுங்க" என்கிறார்கள். ஆறு விரலை ஐந்தாக்கினால் மணிக்கட்டு பொருந்தாது, மணிக்கட்டைச் சரி செய்தால் தோள் பொருந்தாது. கடைசியில் மொத்தத்தையும் நான் வரைய வேண்டும், கூலி மட்டும் ஒரு கைக்கு. அப்படி வருகிற வேலையை இனி தொடப்போவதில்லை.

எல்லாவற்றையும் விட என்னை நொறுக்கியது வேறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் நோட்டில் கிறுக்கிய ஒரு பூனை. மழைக்கு ஒதுங்கி, ஒரு சைக்கிள் கூடைக்குள் சுருண்டு, வாலால் தன் கண்ணை மூடிக்கொண்டு தூங்கியது. பிடித்திருந்ததால் படமெடுத்து இணையத்தில் போட்டேன். சில மாதம் கழித்து, யாரோ ஒரு பெண்ணின் தோளில் தொங்கிய துணிப்பையில் அதே பூனை. அதே வால். வாலின் நுனியில் என் பேனா மை திட்டாகக் கசிந்திருந்ததே, அந்தக் கசிவுகூட அப்படியே அச்சாகியிருந்தது. மூலையில் இருந்த என் கையெழுத்தை மட்டும் துடைத்திருந்தார்கள். நடுத்தெருவில் கை நடுங்க நின்றேன். தேடிப் பிடித்துக் கேட்டால், பை விற்றவர் சொன்னார்: "சும்மா கிறுக்கினதுதானேங்க, பெயிண்டிங் ஒண்ணும் இல்லையே. நீங்களே பப்ளிக்காதானே போட்டிருந்தீங்க."

படைப்பவர்களின் உரிமையைக் காக்க நாடுகள் சேர்ந்து போட்ட பெர்ன் உடன்படிக்கை 1886-ல் கையெழுத்தானது. எங்கேயும் பதிவு செய்யாமலே, எந்த முத்திரையும் இல்லாமலே படைத்தவருக்கு உரிமை உண்டு என்பதை 1908-ல் பெர்லினில் திருத்தியபோதே அதில் சேர்த்துவிட்டார்கள். இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. எண்ணெய் வண்ணத்தில் தீட்டினால்தான் உரிமை, பேனாவால் கிறுக்கினால் இல்லை என்று அதில் எங்கும் கிடையாது. பொதுவில் போட்டேன் என்றால் பார்க்கத்தான் போட்டேன். வாசலில் காயும் துணியை எல்லோரும்தான் பார்க்கிறார்கள், எடுத்து உடுத்திக்கொண்டா போகிறார்கள்? இதை எல்லாம் சொன்ன பிறகு மிச்சமிருந்த பைகளை நிறுத்தினார். விற்றதற்குக் காசும் வரவில்லை, ஒரு மன்னிப்பும் வரவில்லை. அதன் பிறகு மூன்று மாதம் நான் எதையும் வெளியே காட்டவில்லை. நோட்டைத் திறந்தாலே, இதையும் எவன் எடுப்பானோ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கிறுக்கவே பிடிக்காமல் இருந்த நாட்கள் அவை. அந்த மூன்று மாதத்தை எனக்கு யார் திருப்பித் தருவது?

சரி. காலையில் வந்த குரல் பதிவுக்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். "தம்பி, கடை நல்லா வரட்டும். படம் வரைஞ்சு தர்றேன். மூணு மாதிரி காட்டுவேன், ரெண்டு தடவை திருத்தலாம், பலகைக்கு மட்டும்தான் உரிமை, பைக்கும் டப்பாவுக்கும் வேணும்னா தனி. கட்டணம் கீழே இருக்கு. பாதி முன்பணம் வந்ததும் ஆரம்பிக்கிறேன்." பார்த்துவிட்டார். பதில் இல்லை. நான் ஐந்தாவது கட்டத்துக்குத் திரும்புகிறேன், அந்த மனிதர் இன்னும் மூச்சை அடக்கியபடியே உட்கார்ந்திருக்கிறார்.